ரத்னாவிடம் நான் ஒப்படைத்தது

எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை சமைத்துச் சில மாதங்கள் ஆகிவிட்டன. மரம் கொல்லையில்தான் நிற்கிறது, நன்றாகத் தழைத்தும் இருக்கிறது. ரத்னா அதை ஒடித்து ஒடித்து அடுத்த வீட்டு ஆட்டுக்குப் போடுவாள். அவள் புருஷனுக்குக் கீரை ஆகாது என்று நான் ஒரே ஒரு தடவை சொன்னேன். அதன் பிறகு அந்த அடுப்பில் கீரை ஏறவில்லை. சொன்னதைக் கேட்கிற பெண். அவளைப் பற்றி விசாரிக்கத்தானே என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா, இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டிருக்கிறீர்கள். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். செத்துப்போன பரசுராமன் என் தம்பி, அவள் அவனுடைய பெண்டாட்டி. புருஷனுக்கு என்னத்தையோ கொடுத்துத் தீர்த்துக்கட்டிவிட்டாள் என்று எங்கள் பங்காளி கோதண்டம் மனு எழுதிக் கொடுத்திருக்கிறான். நீங்கள் அவளைக் கேட்டீர்கள். "நான்தான் சார் மாத்திரை குடுத்தேன்" என்று அவளும் ஒப்புக்கொண்டாளாம். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மையோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

பரசு தவழுகிற பிள்ளையாக இருந்தபோது எங்கள் அம்மா போய்விட்டாள். நான் அப்போதுதான் தாவணி போட ஆரம்பித்திருந்தேன். அப்பா காலையில் ஏர் பிடிக்கப் போனால் இருட்டின பிறகுதான் வருவார், வந்தாலும் பேசமாட்டார். பிள்ளை என் இடுப்பில்தான் வளர்ந்தான். அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டு மிச்சத்தை நான் சாப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. முழங்காலும் கணுக்காலும் வீங்கி, தொட்டால் அலறுவான். ஸ்ரீபெரும்புதூரில் காட்டினோம். மூட்டில் வருகிற இந்தக் காய்ச்சல் மூட்டோடு நிற்காது, நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார் டாக்டர். அப்படியேதான் ஆயிற்று.

மண்ணூரிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல குடும்பம், பம்புசெட்டு வைத்திருந்தார்கள். நோயாளிப் பையனைக் கூட அழைத்து வரக் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். நான் தட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. எதிரில் ஒரு உயிர் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது வருத்தப்பட நேரம் ஏது? அப்பாவும் போன பிறகு மாடு வாங்கினேன். ட்ரங்க் ரோட்டு டீக்கடைகளுக்கெல்லாம் பென்னலூரில் என் பால்தான்.

பிறகு அவன் வளர்ந்து ஆளானான். நடந்தாலே மூச்சு வாங்கியது. மெட்ராசுக்குக் கூட்டிப் போனேன். நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். அவன் பிழைத்து எழுந்தான். வீடு திரும்பும் அன்று கண்ணாடி போட்ட லேடி டாக்டர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவன் கட்டிலில் அரைத் தூக்கத்தில் கிடந்தான். அந்த அம்மா சொன்னதை நான் எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்துகொண்டேன், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது பாருங்கள்.

"அம்மா, நீங்கதான் கூட இருக்கிறவங்க. அதனால உங்ககிட்ட சொல்றேன். ரத்தம் உறையாம இருக்க இந்த மாத்திரை ஆயுசுக்கும் போடணும். இதைப் போடறவரைக்கும் கடையில விக்கிற வலி மாத்திரை எதையும் எங்களைக் கேக்காம குடுக்கக் கூடாது. தலைவலி, மூட்டுவலி, காய்ச்சல், எதுவா இருந்தாலும் சரி. ரெண்டும் சேர்ந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியும். வெளியில தெரியாது. மலம் தார் மாதிரி கறுப்பாப் போனா அன்னைக்கே ஓடி வந்துடுங்க. வலின்னா இங்க வாங்க, ஒத்துக்கிறதா பாத்து நான் தர்றேன். கீரை ஒரு நாள் அள்ளிச் சாப்பிடறது, ஒரு நாள் விடறதுன்னு வேண்டாம், ஒரே அளவா இருக்கட்டும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்றேன். புரிந்துகொண்டதைச் செய்யவும் செய்தேன். கல்யாணம் ஆகும்வரை அந்த மாத்திரையை என் கையால்தான் அவன் போட்டுக்கொண்டான். முட்டிவலி என்று முனகினால் பால் வேலையைப் பக்கத்து வீட்டு செங்கமலத்திடம் விட்டுவிட்டு அவனோடு பஸ் ஏறுவேன். அந்த அம்மா பார்த்துக் கொடுக்கிற மாத்திரையை மட்டும் வாங்கி வருவோம். ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அவன் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. அதற்குள் அவன் ரோட்டோரம் ஒரு போல்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பெட்டி தூக்குகிற வேலை. ஓ.டி. என்று கூடுதல் நேரம் பார்த்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் வலிக்கும்.

அந்தக் கம்பெனி கேட்டுக்கு எதிரில்தான் மண்ணாங்கட்டியின் டீக்கடை. நீங்களும் அங்கே டீ குடித்திருப்பீர்கள். அவன் பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில் வெள்ளை மாத்திரை வைத்திருப்பான். ஷிப்டுக்குப் போகிறவர்கள் டீயோடு ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். பன் மாதிரி, பொறை மாதிரி அதுவும் ஒரு பண்டம் அங்கே. முதலாளிக்கும் சௌகரியம், யாருக்கும் இடுப்பு வலிக்காது. நான் மண்ணாங்கட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். பரசுவுக்கும் தராதே, பரசுவுக்கு என்று யார் வந்து கேட்டாலும் தராதே, தந்தால் உன் கடைக்குப் பால் வராது என்று. "இன்னா கனகம், தம்பிய கோழி குஞ்ச மூடி வெக்கிற மாதிரி மூடி வெக்கிறியே" என்று சிரிப்பான். சிரித்தாலும் சொல் மீறமாட்டான்.

கல்யாணம் பரசுவே கேட்டதுதான். குன்றத்தூர் கோயிலில் ரத்னாவைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பேசி முடித்தேன். அவன் நெஞ்சு ஆபரேஷனை மறைக்கவில்லை. அவள் தாயில்லாத பெண். எனக்கு அது பிடித்திருந்தது, சொல்வதைக் கேட்பாள் என்று.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டுக்கு வந்த மறுநாள், மாப்பிள்ளையின் அம்மா அவளை அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்து, கையில் மஞ்சளும் கரண்டியும் கொடுத்து, தன் பிள்ளையின் பழக்கவழக்கம் அத்தனையும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சொல்லி முடித்த பிறகு, இனி அவன் உன் பொறுப்பு என்று எழுந்து விட வேண்டும். அதற்கு மேல் அவன் சாப்பாட்டில் தலையிடக் கூடாது. அம்மா இல்லாததால் நான் உட்கார்ந்தேன். சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

எல்லாம் சொன்னேன். புளி அதிகம் ஆகாது, இரவில் மோர் ஊற்றாதே, ஒருக்களித்துத்தான் தூங்குவான், கோபம் வந்தால் பேசமாட்டான், அப்போது நீயும் பேசாதே. ரத்தத்துக்கான மாத்திரையை எடுத்துக் காட்டினேன், ஒரு நாளும் தவறக் கூடாது என்றேன். ரத்னா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். "வேற இன்னா அண்ணி?" என்றாள். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வலி மாத்திரை கூடாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் திறந்தேன். பிறகு, அவ்வளவுதான் என்று எழுந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அன்றைக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. அத்தனையையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன இருக்கும் என்று தோன்றியது. ஒன்று என்னிடம் இருக்கட்டும். வலி வந்தால் என்னிடம்தானே வருவான், நான்தானே பஸ் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அது ஒரு அக்காளுக்கு அதிகமா?

அவர்களுக்கு முன்கட்டு, எனக்கு மாட்டுக் கொட்டகையை ஒட்டின அறை. ஒரு நாள் காலை ரத்னா கோலம் போட்டுவிட்டு வந்து வெட்கத்தோடு சிரித்தாள். "அண்ணி, அவரு நெஞ்சுல கடியாரம் ஓடற மாதிரி டிக்கு டிக்குன்னு கேக்குது. காதை வெச்சிகினே தூங்கிட்டேன்" என்றாள். அது வால்வின் சத்தம். ஊரடங்கின பிறகு, பக்கத்தில் படுத்திருந்தால்தான் கேட்கும். ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனையோ நாள் அந்தச் சத்தம் இருக்கிறதா என்று கேட்டுக்கேட்டுத்தான் நான் கண் மூடியிருக்கிறேன். அவள் சொன்ன அன்று எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, எரிந்தது.

அப்புறம் அம்பத்தூர் பேச்சு வந்தது. அங்கே ஒரு பெரிய கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலையாம், குவார்ட்டர்சும் தருவார்களாம். "நீயும் வாயேன் அக்கா" என்றான் பரசு. மாட்டை எங்கே கட்டுவது, குவார்ட்டர்ஸ் மாடியிலா என்றேன். அவன் சிரித்தான். மறுபடி கூப்பிடவில்லை. பண்டிகைக்கு வருவோம் என்றாள் ரத்னா. நான் சோறு கரைத்து ஊட்டி வளர்த்த பிள்ளை பண்டிகைக்கு வருவானாம்.

அந்த மாதத்தில்தான் ஓ.டி. அதிகம். ரத்னா கொட்டகைப் பக்கம் வந்து நின்றாள். "இன்னா அண்ணி பண்றது, முட்டி வலிக்குதுன்னு ராவெல்லாம் பொரண்டுகினே கீறாரு. வலி மாத்திரை எதுனா வாங்கிக் குடுக்கட்டா?" என்று கேட்டாள். நான் பால் கறந்துகொண்டிருந்தேன். கை நிற்கவில்லை. "உன் புருஷனுக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரியாததா? எங்கிட்ட கேக்கணுமா?" என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாத்தனார் தன்னை வீட்டுக்காரியாக மதித்துவிட்டாள் என்று சந்தோஷம். அப்படியே ஓடினாள்.

அவன் நன்றாக நடந்தான் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வலி இல்லாமல் படியேறினான், சைக்கிள் மிதித்தான். காலையில் ஒன்று, ஷிப்டுக்குப் போகும்போது ஒன்று என்று அவள் சாப்பாட்டுத் தூக்கில் மடித்து வைத்து அனுப்புவாள். அப்படி அக்கறை. ஒரு நாள் அவனே என்னைக் கேட்டான். "அக்கா, டாக்டரம்மா உங்கிட்ட இன்னாவோ சாப்புடக் கூடாதுன்னு சொன்னாங்க இல்ல? எனக்கு அப்ப மயக்கம், சரியா கேக்கல." கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். கீரை என்றேன், ரத்னா காதிலும் விழுகிற மாதிரி. கீரையைப் பற்றி அந்த அம்மா சொன்னது உண்மைதானே. அன்றிலிருந்துதான் முருங்கைக்கீரை ஆட்டுக்குப் போனது.

நான் என்ன நினைத்தேன் என்று உங்களுக்கு விளங்க வேண்டும். அவன் சாக வேண்டும் என்று கனவிலும் நினைக்கவில்லை. நோய் அவனை லேசாக ஒரு தட்டு தட்டட்டும். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுக்கட்டும். அந்த லேடி டாக்டர் ரத்னாவைக் கூப்பிட்டு, இப்படியா ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்வது என்று நான்கு பேர் எதிரில் கேட்கட்டும். அக்கா இல்லாமல் ஆகாது என்று அவனுக்கும் புரியும், அம்பத்தூரும் நின்றுபோகும். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைக்க அது பெரிய விலையாக எனக்குத் தெரியவில்லை.

அவன் முகம் வெளுக்க ஆரம்பித்தது. ரத்னா மறுபடி வந்தாள், இந்தத் தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அண்ணி, சொல்லவே கூச்சமா கீது. அவருக்கு வெளிய போறது கரிக்கட்டை மாதிரி போகுதாம். தலை வேற சுத்துதாம். ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றாள். கண்ணெல்லாம் பயம். அப்போது அவன் வெளுப்புக்கு என்று கம்பெனியில் யாரோ சொல்லி ரத்தம் ஊற டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். இரும்புச் சத்து டானிக் குடித்தால் அப்படித்தான் போகும் என்றேன். அதுவும் உண்மைதான், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் போகட்டும், இப்போது போனால் டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து உடனே அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

கணக்கு அங்கேதான் தவறிவிட்டது. மறுநாள் பெட்டி தூக்கும்போதே கம்பெனியில் விழுந்தான். வாயால் ரத்தம் எடுத்தானாம். லாரியில் போட்டு எடுத்துப் போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது என்னை அடையாளம் தெரிந்தது அவனுக்கு. "அக்கா, குளிருது" என்றான். என் முந்தானையால் போர்த்தினேன். அதற்கு மேல் அவன் பேசவில்லை. நான் பெற்றிருந்தால்கூட அப்படித் துடித்திருக்க மாட்டேன். அவன் இல்லாத வீட்டுக்குள் இன்றுவரை என்னால் விளக்குப் போட முடியவில்லை.

அங்கே இருந்த டாக்டர் அவன் மருந்தையும் சட்டைப்பையில் இருந்த வெள்ளை மாத்திரையையும் பார்த்துவிட்டு, யார் இவருக்கு வலி மாத்திரை கொடுத்தது என்று கேட்டார். "நான்தான்" என்றாள் ரத்னா. கூடாது என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். சந்தேகமாகப் பார்க்கவில்லை, சின்னப் பெண் வாத்தியாரைப் பார்ப்பது போலப் பார்த்தாள், தான் எதையோ சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டோமோ என்று. நான் பரசுவின் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். பிறகு உறவுக்காரர்கள் வந்தார்கள். அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள், புருஷனை முழுங்கினவள் என்றார்கள். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

பொய் சொல்லாமலே எல்லாம் நடந்தது என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது ஒன்று இடிக்கிறது. மண்ணாங்கட்டியை நீங்கள் விசாரித்தால் அவனே சொல்லிவிடுவான், நானே சொல்கிறேன். பரசு அம்பத்தூர் பேச்சை எடுத்த மறுநாள், டீக்கடையில் பால் ஊற்றிவிட்டு நான் நின்றேன். "மண்ணாங்கட்டி, இனிமே எங்கிட்ட கேக்காத. பரசு பொண்டாட்டி வந்து மாத்திரை கேட்டா குடு. குடும்பம் அவுங்களுது" என்றேன். அவன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "டாக்டரு வேணாம்னு சொன்னாருன்னியே?" என்று கேட்டான். "இப்ப பரவால்லன்னுட்டாரு" என்றேன். ரத்னா என்னிடம் வந்து கேட்டது அதற்குப் பிறகுதான். அவள் ஓடிப்போய் வாங்க வேண்டிய கடையின் கதவை நான் முன்னாலேயே திறந்து வைத்துவிட்டேன். மாத்திரையைக் கொடுத்தது அவள் கை. கொன்றது நான்.

இதைச் சொல்லாமலேகூட இருந்திருப்பேன். கோதண்டம் மனு கொடுத்துவிட்டான், நீங்களும் அவளையே பிடித்துக்கொண்டுவிட்டீர்கள். ஆனால் இன்று காலை நான் உள்ளே வரும்போது லேடி கான்ஸ்டபிள் கொடுத்த டீயைக் குடிக்க முடியாமல் ரத்னா எழுந்து ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நான் போய் நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன். தள்ளிப்போய் எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டேன். சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை பரசுவிடம் சொல்லலாம் என்றிருந்தாளாம், வியாழக்கிழமையே அவன் போய்விட்டான். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "அண்ணி, நான்தானே அவரைக் கொன்னுட்டேன்?" என்று அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு நேரே உங்களிடம் வந்துவிட்டேன்.

அவ்வளவுதான் ஐயா. கைநாட்டு எங்கே வைக்க வேண்டுமோ காட்டுங்கள், வைக்கிறேன். என்னை எத்தனை நாள் உள்ளே வைத்தாலும் சரி, அவள் பிரசவத்துக்குள் விட்டுவிடுங்கள். அவளைப் பிறந்த வீட்டுக்கு, குன்றத்தூருக்கு மட்டும் அனுப்ப வேண்டாம், பென்னலூரில் என் வீட்டிலேயே இருக்கட்டும். பாவம், தாயில்லாத பெண், ஒன்றும் தெரியாது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பக்கத்தில் இருந்து சொல்ல அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?